மகாராணிக்கு இன்று பிரசவம்!

காலை ஏழு இருபது. ஸ்டேஷன் போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் ரிசீவரைக் காதில் வைப்பதற்குள்ளேயே மறுமுனை அழ ஆரம்பித்துவிட்டது.

"கடத்திட்டாங்க...! என் மகாராணியைக் கடத்திட்டாங்க...!"

"அம்மா, அழறதைக் கொஞ்சம் நிறுத்திட்டு விவரமா சொல்லுங்க."

"நிறைமாசம் மேடம்! இன்னிக்குப் பிரசவம்! சாயங்காலத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணலைன்னா உசிர் போயிடும்!"

இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அவளுக்கும் இரண்டு பிரசவம் கத்தியில்தான். வயிற்றுத் தழும்பு மழைக்காலத்தில் இன்றைக்கும் அரிக்கும்.

"முதல் பிரசவமா?"

"அஞ்சாவது! நாலும் ஆபரேஷன்!"

"அஞ்சா...?!"

"இந்தத் தடவை வயித்துல ஆறு!"

இன்ஸ்பெக்டர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை உற்றுப் பார்த்தாள். மறுபடியும் காதில் வைத்தபோது விலாசம் மட்டும் வந்தது. லைன் கட்!

"என்ன மேடம்?" என்றார் கான்ஸ்டபிள். ரிட்டயர் ஆக இரண்டு வருஷம். தொப்பைக்கு மூன்று வருஷம் முன்பே ரிட்டயர்மென்ட் கொடுத்திருக்க வேண்டும்.

"ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க. ஆம்புலன்சுக்கும் போன் போடுங்க. முதல்ல அந்த வீட்டு ஆம்பளையைத் தூக்கி உள்ள வைக்கணும். ஆறாம்... ஆறு!"

சைரன் ஊரைக் கிழித்தது.

* * *

பெரிய வீடு. ஹால் முழுக்கக் கண்ணாடி அலமாரி. அலமாரி முழுக்கக் கோப்பைகள். ஏ.சி. பற்களைத் தந்தியடிக்க வைத்தது.

போன் செய்தவள் தலையில் கர்லரோடு ஓடிவந்தாள். ஐம்பத்தைந்து வயது. அந்தத் தெருவில் அவளுக்குச் சாம்பியனம்மா என்று பெயர். கோப்பைகளெல்லாம் அவள் வீட்டுப் பிள்ளைகள் வாங்கியவை.

"மகாராணி உங்க பொண்ணா? மருமகளா?"

"பொண்ணுக்கும் மேல!"

போட்டோவை நீட்டினாள்.

இன்ஸ்பெக்டர் பார்த்தாள்.

திருப்பிப் பார்த்தாள்.

"இது... நாய்."

"நாய்னு சொல்லாதீங்க! நாலு தடவை தேசிய சாம்பியன்!"

பின்னால் எட்டிப் பார்த்த ஆம்புலன்ஸ் டிரைவர் சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது. அவரை அனுப்பிவிட்டு வந்த கான்ஸ்டபிள், போட்டோவைத் தலைகீழாகவும் ஒரு தடவை பிடித்துப் பார்த்தார். நாயின் முகத்தைக் கதவிடுக்கில் வைத்து யாரோ சாத்தியது போலிருந்தது. இரண்டு கண்களும் வெளியே வந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன.

"அம்மா, ஒரு சந்தேகம்... மூக்கு எங்க?"

"அதான்யா அழகு! மூக்கு எவ்வளவு உள்ள போகுதோ போட்டியில அவ்வளவு மார்க். மூணு தலைமுறையா உள்ள தள்ளிக்கிட்டே வந்திருக்கேன். இவகிட்டதான் முழுசா வெற்றி!"

"இன்னும் ஒரு தலைமுறை தள்ளுனீங்கன்னா பிடரி வழியா எட்டிப் பாக்கும்."

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளின் காலை மிதித்தாள். திட்டிவிட்டுத் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் திருட்டு திருட்டுதான். நாயானாலும், நகையானாலும்.

"எப்போ காணாமப் போச்சு?"

"நேத்து ராத்திரி பத்து மணிக்குக் காய்ச்சல் மானி வெச்சுப் பார்த்தேன். உடம்புச் சூடு சட்டுனு இறங்கியிருந்தது. அப்படி இறங்கினா இருபத்துநாலு மணி நேரத்துல வலி எடுக்கும். காலையில பார்த்தா மெத்தை காலி!"

"தானா பெத்துக்காதா?"

சாம்பியனம்மா பரிதாபமாகப் பார்த்தாள். ஒன்றும் ஒன்றும் எத்தனை என்று கேட்ட பிள்ளையைப் பார்ப்பது போல.

"எங்க ஜாதிக்குத் தலை பெருசு, இடுப்பு சின்னது. அப்படித்தான் உருவாக்கியிருக்கோம். ஆபரேஷன் இல்லாம பிறந்ததா சரித்திரமே கிடையாது. கல்யாணம்கூட தானா நடக்காது. வெளிநாட்டு சாம்பியனோடது குப்பியில, ஐஸ் பெட்டியில வரும். நானே ஊசியில ஏத்திடுவேன்."

"அடப்பாவமே... வாழ்க்கையில வேற என்னதான் சுகம்?" என்றார் கான்ஸ்டபிள்.

"உங்களைக் கேட்டாங்களா?" என்றாள் இன்ஸ்பெக்டர். ஆனால் அவளுக்கும் அதே கேள்விதான் தொண்டையில் நின்றது.

தட்டில் டீயோடு ஒரு இளம்பெண் வந்தாள். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"என் மருமக," என்றாள் சாம்பியனம்மா. "பையன் கப்பல்ல வேலை. மகாராணிக்கு மூக்கு மடிப்பு துடைக்கறது, கண்ணுக்கு மருந்து விடறது எல்லாம் இவதான். துடைக்காம விட்டா மடிப்புல புண்ணு வந்து நாத்தமெடுத்துடும்."

"ராத்திரி ஏதாவது சத்தம் கேட்டுச்சாம்மா?"

மருமகள் இல்லையென்று தலையை ஆட்டினாள். "தூங்கிட்டேன் மேடம்."

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

கொர்ர்ர்ர்...! கொர்ர்ர்ர்...!

மாடியிலிருந்து! அலமாரியில் ஒரு கோப்பை லேசாக அதிர்ந்தது.

கான்ஸ்டபிள் லத்தியை இறுக்கிப் பிடித்தார். "என்னது அது?!"

"எங்க வீட்டுக்காரர் குறட்டை," என்றாள் சாம்பியனம்மா சலிப்பாக. "பதினொரு வருஷமா தனி ரூம். அந்தப் பக்கமே நான் போறதில்ல. அந்தக் குறட்டையில மனுஷி இருக்க முடியுமா?"

"எழுப்புங்க. விசாரிக்கணும்."

"மேடம்...!" மருமகள் அவசரமாகக் குறுக்கே வந்தாள். "மாமா ராத்திரி பூரா தூங்கல. விடியறப்போதான் மாத்திரை போட்டாரு. இப்போ எழுப்பினா தலை சுத்தி விழுந்துடுவாரு."

"சரி, அப்புறம் பாத்துக்கலாம். மாடியில தேடினீங்களா?"

"எதுக்கு?" என்றாள் சாம்பியனம்மா. "மகாராணி ரெண்டு படி ஏறினா நாக்கு நீலமாயிடும். மாடின்னு ஒண்ணு இருக்கறதே அவளுக்குத் தெரியாது!"

* * *

இன்ஸ்பெக்டர் ஹாலிலேயே ஆபீஸ் போட்டாள். கணக்கு அவளுக்குச் சுலபமாகத் தெரிந்தது. ஆபரேஷன் இல்லாமல் நாய் பிழைக்காது. எனவே திருடியவன் இன்று எப்படியும் ஒரு கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றே தீர வேண்டும். ஊரில் ஆபரேஷன் தியேட்டர் வசதியுள்ள கால்நடை ஆஸ்பத்திரி மூன்றே மூன்று.

"மூணு இடத்துலயும் மஃப்டியில ஆளைப் போடுங்க. இந்த வீட்டுப் பின் வாசலை நீங்க பாத்துக்கங்க."

"என்னை எதுக்கு மேடம் பின்னாடி?"

"முன்னாடி நின்னா பேசறீங்க."

பத்து மணிக்கு நாய் டாக்டர் வந்தார். ஒல்லியான மனிதர். கை முழுக்கப் பழைய கடி அடையாளங்கள். நாலு ஆபரேஷனும் செய்தவர் அவர்தான். அதனால் சந்தேகப் பட்டியலில் முதல் பெயரும் அவர்தான்.

"ராத்திரி எங்க இருந்தீங்க டாக்டர்?"

"ஒரு பூனை வயித்துக்குள்ள. சாட்சிக்கு பூனைக்காரங்க குடும்பமே இருக்கு."

"இன்னிக்கு ஆபரேஷன் நீங்கதானே?"

"இல்ல." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "முடியாதுன்னுட்டேன். நாலாவது தடவையே தையல் போட இடமில்ல. இன்னொரு தடவை கத்தி வெச்சா மேசையிலேயே போயிடும்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். இந்த ஈத்தே வேணாம்னு கும்பிட்டேன்."

"அதான் வேற டாக்டர் பேசியிருக்கேனே!" என்றாள் சாம்பியனம்மா.

"அவர் என்ன சொன்னாரு?"

"குட்டிங்களைக் காப்பாத்திடலாம்னு சொன்னாரு."

"மகாராணியை?"

சாம்பியனம்மா கர்லரைச் சரிசெய்தாள். "பாருங்க மேடம்... எனக்கும் மனசு கஷ்டம்தான். அழுதேன்ல? ஆனா குட்டிங்க முக்கியம். அந்த ஆறுல ஒண்ணுக்கு இவளைவிட மூக்கு உள்ள போயிருக்கும். வம்சம் நிக்கணுமா வேணாமா?"

டணார்...!

மருமகள் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. டீ டம்ளர் உருண்டு கோப்பை அலமாரிக்கு அடியில் போனது. அவள் அதை எடுக்கக் குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.

இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வந்தது. வேலையில் கோபப்படக் கூடாது என்பது அவள் கொள்கை. ஆனால் அவளுடைய இரண்டாவது பிரசவத்தில், மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது மாமியார் கேட்ட முதல் கேள்வி, பிள்ளை கலரா மாநிறமா என்பது. தாய் இருக்கிறாளா போய்விட்டாளா என்று அந்த அம்மாள் கேட்கவே இல்லை. அது இப்போது நினைவுக்கு வந்து தொலைத்தது.

"அப்போ நாய் கிடைச்சாலும் சாகும். கிடைக்கலைன்னாலும் சாகும்."

"கிடைச்சா குட்டியாவது மிஞ்சும்ல!"

பதினொன்று ஆனது. மூன்று ஆஸ்பத்திரியிலிருந்தும் போன் வந்தது. ஒரு கிளி, இரண்டு பூனை, ஒரு ஆமை. மகாராணி இல்லை!

"வலி எடுத்திருக்கும்..." சாம்பியனம்மா கடிகாரத்தைப் பார்த்துக் கையைப் பிசைந்தாள். "எந்த மூலையில கிடந்து துடிக்கிறாளோ..."

மாடியில் குறட்டை மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

* * *

பதினொன்றரை.

"பிடிச்சுட்டேன் மேடம்! ஆளைப் பிடிச்சுட்டேன்!"

பின்பக்கமிருந்து கான்ஸ்டபிளின் குரல். ஹாலில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

கான்ஸ்டபிள் ஒரு பெரியவரைச் சட்டைக் காலரோடு இழுத்துக்கொண்டு வந்தார். வழுக்கை. முழங்காலில் சிராய்ப்பு. கக்கத்தில் ஒரு பை.

"மதிலேறிக் குதிச்சான் மேடம்! குதிக்கத் தெரியாம குதிச்சான்! பையில பாருங்க... பால் பவுடர்! பாப்பா குடிக்கிற பாட்டில்! ரப்பரோட!"

இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருய்யா நீ?"

பதிலைச் சாம்பியனம்மா சொன்னாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"என்னங்க...? நீங்களா...?"

"இவர் யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரர்!"

ஹாலில் ஒரு நிமிஷம் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

மேலே மட்டும் இருந்தது.

கொர்ர்ர்ர்...! கொர்ர்ர்ர்...!

இன்ஸ்பெக்டர் மெதுவாக அண்ணாந்து பார்த்தாள்.

"அப்போ... மேல குறட்டை விடறது யாரு...?!"

மாடிப்படியை முதலில் தாவியது அவள்தான். பின்னால் டாக்டர். அதற்குப் பின்னால் சாம்பியனம்மா. கடைசியில் தொப்பையும் கான்ஸ்டபிளும்.

கதவு படாரென்று திறந்தது!

அகலமான கட்டில். நடுவில், தலையணைமேல் தாடையை வைத்து, நாக்கு ஒரு பக்கம் தொங்க, ஊருக்கே கேட்கும்படி தூங்கிக்கொண்டிருந்தாள் மகாராணி.

வயிற்றில் ஆறு குட்டிகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு பால் குடித்துக்கொண்டிருந்தன.

"பிறந்துடுச்சா...?" சாம்பியனம்மாவுக்கு நாக்கு குழறியது. "ஆபரேஷன் இல்லாம... ஆறும்...? ஐயோ என் ராசாத்தி! என் சரித்திரமே!"

ஓடிப்போய் ஒரு குட்டியைத் தூக்கினாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனாள்.

அப்புறம்தான் அந்த அலறல்!

"வீல்ல்ல்...! மூக்கு! இதுக்கு மூக்கு இருக்கு!"

அடுத்ததைத் தூக்கினாள். அதற்கும் இருந்தது. மூன்றாவதற்கு நன்றாகவே இருந்தது. பேனா மூடி மாதிரி, நேராக, எடுப்பாக!

வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டே கான்ஸ்டபிள் ஒரு குட்டியை உற்றுப் பார்த்தார்.

"மேடம், இந்த இடது கண்ணுல கறுப்புத் திட்டு... காலையிலேருந்து பின் கேட்டுல என்னைப் பார்த்து வாலாட்டிக்கிட்டு நிக்கறானே ஒரு தெரு நாய்... அச்சு அசல் அவன் மூஞ்சி!"

டாக்டர் மகாராணியின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "தையல் பிரியல... தலை சின்னது, முகம் கூர்மை. வழுக்கிக்கிட்டு வந்திருக்கு. பிழைச்சுக்கும்... நல்லாப் பிழைச்சுக்கும்."

மருமகள் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகை அணை உடைந்து வந்தது.

"அத்தை... குப்பி வந்த ஐஸ் பெட்டியை நான்தான் மொட்டை மாடியில வெயில்ல வெச்சேன். அரை நாள். அப்புறம்தான் உங்ககிட்ட கொடுத்தேன். ஈத்தே பிடிக்கக் கூடாதுன்னுதான் பண்ணினேன்."

"அடிப்பாவி! நான் பார்த்துப் பார்த்து ஏத்தினேனேடி!"

"வயிறு பெருசானதும் பயந்துட்டேன். குப்பி தப்பிச்சிடுச்சு, இவ சாகப் போறான்னு நினைச்சேன். மாமாதான் மூணு நாள் முன்னாடி விஷயத்தைச் சொன்னாரு."

எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் முழங்காலை ஊதிக்கொண்டிருந்தார்.

"நீ ஊசி போட்ட மறுநாள் பின் கேட்டுல பார்த்தேன்," என்றார். "அவனும் இவளும்."

"பார்த்துட்டு சும்மாவா நின்னீங்க?!"

"அஞ்சு வருஷத்துல அவ வாலை ஆட்டி அன்னிக்குத்தான் பார்த்தேன். குறுக்கே போக மனசு வரல."

"எங்க ஜாதி தானா சேராதே!"

"அது நம்ம ஜாதி ஆம்பளைங்களுக்கு. அவனுக்கு யாரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கல."

இன்ஸ்பெக்டர் இருமி, சிரிப்பை விழுங்கினாள். மருமகளிடம் திரும்பினாள்.

"குப்பி வேலை செஞ்சிருந்தா? குட்டிங்க பெரிய தலையா இருந்திருந்தா, நேத்து ராத்திரி இங்கேயே செத்திருக்குமே?"

"தெரியும் மேடம்." மருமகள் கண்ணைத் துடைத்தாள். "கை கால் உதறிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். டாக்டர் மேசையில சாவு நிச்சயம். இங்க பாதிக்குப் பாதி. மாமாதான் தூக்கிக்கிட்டு மாடி ஏறினாரு. விடியக்காலை நாலு மணிக்கு ஆறாவது வந்துது."

சாம்பியனம்மா கையிலிருந்த குட்டியைக் கட்டிலில் போட்டாள். முகம் சிவந்திருந்தது.

"மேடம்! இவளைக் கைது பண்ணுங்க! அவரையும் சேர்த்து! ரெண்டும் திருட்டு! சதி!"

"பண்ணிடலாம்." இன்ஸ்பெக்டர் சாவகாசமாக நோட்டைப் பிரித்தாள். "இது உங்க நாய்தானே? சொல்லுங்க, எழுதிக்கறேன். 'நாலு தடவை தேசிய சாம்பியன் மகாராணி, இன்று தெரு நாய்க்கு ஆறு குட்டி போட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்டது.' குட்டிங்களை போட்டோ எடுத்து வைக்கணும். உங்க நாய்ச் சங்கத்துக்கு ஒரு நகல் அனுப்பணும். அவங்க உங்க வீட்டு வம்சாவளியை முதல்லேருந்து சரிபார்க்கணும்பாங்க. முந்தி வித்த குட்டிங்க எல்லாத்தையும் சேர்த்து..."

"எ... எதுக்கு சங்கம்?"

"கழுத்துத் தோலுக்கடியில அடையாளச் சிப் இருக்குமே? டாக்டர், உங்க மெஷினை எடுங்க. பேரோட காட்டிடும்."

"வேணாம்!" சாம்பியனம்மா பாய்ந்து டாக்டரின் பையைப் பிடித்துக்கொண்டாள். "இது... இது என் மகாராணியே இல்ல! ஏதோ ஒரு நாய்! மூஞ்சியைப் பார்த்தாலே தெரியலையா?"

"எழுதித் தர்றீங்களா?"

எழுதித் தந்தாள். அத்தனை வேகமாக அந்த வீட்டில் யாரும் கையெழுத்துப் போட்டதில்லை. 'மேற்படி நாயும் குட்டிகளும் என்னுடையவை அல்ல. எனக்கு எந்த உரிமையும் இல்லை.' இன்ஸ்பெக்டர் தாளை வாங்கி மருமகளிடம் நீட்டினாள். "பத்திரமா வெச்சுக்கம்மா. இனி உன் நாய்."

கீழே வாசல் மணி அடித்தது.

குட்டிக்கு முன்பதிவு செய்தவர்களில் ஒருத்தி. கறுப்புக் கண்ணாடி, உயரமான செருப்பு. யாரும் தடுப்பதற்குள் மாடிக்கே வந்துவிட்டாள். கட்டிலைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்தாள்.

"ஐயோ...! எவ்வளவு அழகா இருக்கு! இந்த மூக்கு! இந்த மாதிரி நான் எங்கேயும் பார்த்ததே இல்லையே! புது ஜாதியா?"

சாம்பியனம்மா வந்தவளையும் குட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. கட்டிலருகே போனாள். பேனா மூடி மூக்குக்காரனைத் தூக்கி, பக்கவாட்டில் திருப்பி, ஒரு விரலால் மூக்கை அளந்தாள்.

"ஆமாங்க... புது ஜாதி. உலகத்துல நம்மகிட்ட மட்டும்தான். இதோட மூக்கை இதோட தங்கச்சி மூக்கோட சேர்த்தா... ஒரு நாலு தலைமுறையில... இன்னும் இவ்வளவு தூரம் வெளியே இழுத்துடலாம்!"

ஒரு முழம் காட்டினாள்.

டாக்டர் தலையில் கை வைத்துக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா," என்றாள் இன்ஸ்பெக்டர். "குட்டியைக் கீழ வைங்க."

"ஏன்?"

"அது அந்தப் பொண்ணோடது. இப்போதான் எழுதிக் கொடுத்தீங்க. காலையில ஒரு நாய்த் திருட்டுக் கேஸ் வந்துது, ஆள் கிடைக்காம அலைஞ்சுக்கிட்டிருக்கேன். தூக்கிக்கிட்டு ஒரு அடி நகர்ந்தீங்கன்னா ஆள் கிடைச்ச மாதிரிதான்."

சாம்பியனம்மா மருமகளைப் பார்த்தாள். மருமகள் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். அத்தையின் கையிலிருந்து குட்டியை மரியாதையாக, ஆனால் உறுதியாக, வாங்கிக்கொண்டாள்.

"கைதிகளே இல்லாம கிளம்பறோமா மேடம்?" கான்ஸ்டபிளுக்கு மனசே இல்லை. "குட்டிங்களோட அப்பன் பின் கேட்டுலதான் நிக்கறான். அத்துமீறி நுழைஞ்சான்னு ஒரு கேஸாவது போடலாமே?"

"தாராளமா. மூக்கைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வாங்க. இந்தக் கேஸ்ல பிடிக்கற அளவுக்கு மூக்கு உள்ள ஒரே குற்றவாளி அவன்தான்!"